சினைப்பைக் கட்டி ஆபரேஷனும் டியூமர் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும்: ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

சினைப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படலாம் என்று சொன்ன கையோடு டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார். சீட்டில் சிஏ-125 என்று இருக்கும். கட்டி இருக்கும்போது ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம் அது. இப்படிப்பட்டவற்றைத்தான் டியூமர் மார்க்கர் என்கிறார்கள். இரண்டு நாளில் லேப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று குறி போட்டிருந்தால் போதும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அந்த இடைப்பட்ட நாட்களில் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரத்தப் பரிசோதனையால் புற்றுநோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்பு சொல்ல முடியாது. கட்டியை வெளியே எடுத்து பயாப்ஸி செய்த பிறகே அது என்னவென்று உறுதியாகத் தெரியும். ஆபரேஷனை யார் செய்வது, எங்கே செய்வது, எந்த முறையில் செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யத்தான் மார்க்கர் உதவுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தால் பாதி பயம் குறையும். மீதிப் பாதிக்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படியுங்கள்

நம் ஊரில் 'நீர்க்கட்டி' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பிரச்சினைகளுக்குச் சொல்கிறோம். மாதவிடாய் தள்ளிப் போவது, முகத்தில் முடி, எடை கூடுவது என்று வரும் பிசிஓஎஸ் ஒன்று. அதில் சினைப்பையில் தெரிபவை வளராமல் நின்ற சின்னச் சின்ன முட்டைப் பைகள். அதற்கு டியூமர் மார்க்கர் வேண்டாம், கட்டியை எடுக்கும் ஆபரேஷனும் வேண்டாம். நாம் இங்கே பேசுவது தனியாக, அளவோடு குறிப்பிடப்படும் கட்டியைப் பற்றி: "வலது சினைப்பையில் 7 செ.மீ. சிஸ்ட்" என்பது மாதிரி.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் சில சொற்களைத் தேடிப் பாருங்கள். 'சிம்பிள்' என்றிருந்தால் மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர் என்று பொருள். மாதவிடாய் வரும் வயதில் 5 செ.மீ.க்குக் குறைந்த சிம்பிள் சிஸ்ட் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுற்றுகளில் தானாகவே மறைந்துவிடும். அதற்கு சிஏ-125 எடுக்கத் தேவையில்லை என்பதுதான் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி வழிகாட்டியின் நிலைப்பாடு. தேவையில்லாத இடத்தில் எடுத்த பரிசோதனை தேவையில்லாத பயத்தைத்தான் தரும்.

கவனிக்க வேண்டிய சொற்கள் வேறு. உள்ளே பல அறைகள் (மல்டிலாகுலர்), திடமான சதைப் பகுதி (சாலிட் காம்பொனன்ட்), சுவரிலிருந்து உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் (பாப்பிலரி புரொஜெக்‌ஷன்), அந்தச் சதைக்குள் ரத்த ஓட்டம், இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றுக்குள் நீர் (அசைட்டிஸ்). இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பல ஸ்கேன் சென்டர்கள் ஓ-ராட்ஸ் என்ற மதிப்பெண்ணும் போடுகின்றன. 2 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. 3 என்றால் 10 சதவீதத்துக்குக் கீழே. 4 என்றால் 10 முதல் 50 சதவீதத்துக்குள். 5 என்றால் 50 சதவீதமோ அதற்கு மேலோ. ரத்தப் பரிசோதனையைவிட இந்த ஒற்றை இலக்கத்துக்கு எடை அதிகம் என்றே நான் சொல்வேன்.

உங்கள் வயதுக்கு எந்த மார்க்கர்?

எல்லோருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. சினைப்பையின் மேலுறையில் உருவாகும் புற்றுநோய்தான் அதிகம் வருவது. அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வருவது. அதற்கான மார்க்கர் சிஏ-125.

இளம்பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் வரக்கூடியது வேறு வகை. முட்டையை உண்டாக்கும் செல்களிலிருந்து வரும் ஜெர்ம் செல் கட்டிகள். திடப் பகுதியோடு, சந்தேகப்படும்படியான கட்டி 40 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு வந்தால் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்றையும் எடுக்க வேண்டும். 16 வயதுப் பெண்ணுக்கு சிஏ-125 மட்டும் எடுத்து, "நார்மல், பயமில்லை" என்று ஆபரேஷனுக்குக் கொண்டுபோவது சரியான வழியல்ல. இந்த மூன்றையும் எடுத்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள். ஜெர்ம் செல் கட்டிகள் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படுபவை. ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் எடுத்துவிட்டு, பிள்ளை பெறும் வாய்ப்பைக் காப்பாற்றியே பெரும்பாலும் குணப்படுத்த முடிகிறது. முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்தத் திட்டத்தோடு ஆபரேஷனுக்குள் போக முடியும்.

பீட்டா எச்சிஜி கூடியிருந்தால் முதலில் கர்ப்பம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். திருமணமாகாத பெண் என்றால் வீட்டார் சங்கடப்படுவார்கள். அது யாரையும் சந்தேகிப்பதற்கான கேள்வி அல்ல, மருத்துவ வழக்கம். எல்டிஎச் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால், ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்ததாலும் அப்படி ஆகும். மறுபடி ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தெளிந்துவிடும்.

சிஏ 19-9, சிஇஏ என்று இரண்டு பெயர்களும் சீட்டில் இருக்கலாம். கட்டி ரொம்பப் பெரியதாக, உள்ளே பிசுபிசுப்பான திரவத்தோடு இருக்கும் வகையோ, குடல், இரைப்பை, கணையத்தில் தொடங்கிச் சினைப்பைக்குப் பரவியதோ என்று பார்க்க இவை உதவும். சிஏ-125ஐ சிஇஏ-வால் வகுத்து வரும் விகிதம் 25-க்கு மேல் இருந்தால் கட்டி சினைப்பையில் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். குறைந்தால் குடலையும் இரைப்பையையும் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கச் சொல்வார்கள். அப்புறம், முடியும் கொழுப்பும் நிறைந்த டெர்மாய்ட் என்ற சாதுவான கட்டியிலும் சிஏ 19-9 கூடும். பித்தப்பைக் கல்லால் மஞ்சள் காமாலை வந்தவருக்கும் கூடும்.

இன்ஹிபின் பி என்பது கிரானுலோசா செல் கட்டி என்ற அரிய வகைக்கானது. மாதவிடாய் நின்றவருக்கு மறுபடி ரத்தப்போக்கு, சிறுமிக்கு வயதுக்கு மீறிய பருவ மாற்றம் என்று ஹார்மோன் அறிகுறி இருந்தால் எழுதுவார்கள்.

ரத்தம் கொடுக்கப் போகும் முன்

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. மாதவிடாய் நாட்களில் சிஏ-125 கூடும் என்பதால், அவசரம் இல்லையென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். கடைசி மாதவிடாய் தேதியை லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். முடி கொட்டுகிறது என்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்னாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், சில இயந்திரங்களில் அது கணக்கைத் தப்பாக்கும்.

அடுத்தடுத்து எடுக்கும்போது ஒரே லேப்பில் எடுங்கள். இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும். ஒரு லேப்பில் 60, இன்னொன்றில் 75 என்று வந்தால் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

மார்க்கரை ஆபரேஷனுக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வயிற்றைத் திறந்து செய்யும் எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்களுக்கு சிஏ-125 தானாகவே கூடியிருக்கும். பயாப்ஸியில் ஒருவேளை புற்றுநோய் என்று வந்தால், சிகிச்சை பலன் தருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய எண் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. திடீரென்று ஒரு பக்க அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். சினைப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கும்போது மார்க்கர் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

35 என்ற எல்லை எங்கிருந்து வந்தது?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் சிஏ-125ஐக் கண்டறிந்தார்கள். ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை ஆராய்ந்தபோது 100 பேரில் ஒருவருக்குத்தான் 35 யூனிட்டைத் தாண்டியது. அதனால் 35 எல்லையாயிற்று. 34 என்றால் தப்பித்தோம், 36 என்றால் மாட்டினோம் என்கிற கோடு இல்லை அது.

இந்தப் புரதத்தைப் புற்றுநோய் மட்டும் சுரப்பதில்லை. வயிற்றின் உள்ளுறை, நுரையீரல் உறை, இதய உறை, கர்ப்பப்பை உட்சுவர் எல்லாவற்றிலும் அது உண்டு. இவற்றில் எது உறுத்தலுக்கு உள்ளானாலும் எண் ஏறும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), அதனால் சினைப்பையில் வரும், பழைய ரத்தம் நிறைந்த சாக்லேட் சிஸ்ட், அடினோமயோசிஸ் (அந்தத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது), ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக் கட்டி), இடுப்புக்குழித் தொற்று, முதல் மூன்று மாதக் கர்ப்பம், கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு என்று பட்டியல் நீளம். இளம் வயதில் சிஏ-125 கூடியிருப்பதற்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

இந்தியாவில் இதோடு காசநோயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வயிற்று உறையில் காசநோய் வந்தால் வயிறு நீர் கோத்து உப்பும். எடை குறையும். சினைப்பைப் பக்கத்தில் கட்டி மாதிரி ஸ்கேனில் தெரியும். சிஏ-125 பல நூறைத் தொடும். படத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்தால் முற்றிய சினைப்பைப் புற்றுநோய் என்றே தோன்றும். அந்த நீரையும் திசுவையும் எடுத்துப் பரிசோதித்தால்தான் உண்மை தெரியும். காசநோய் என்றால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம், பெரிய ஆபரேஷனே வேண்டாம். ஆகவே வயிற்றில் நீரும் உயர்ந்த எண்ணும் சேர்ந்து வந்தவர்கள், மாலைக் காய்ச்சல் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். "காசநோய்க்கும் பார்த்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஆரம்ப நிலைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சிஏ-125 நார்மலாகவே இருக்கும். ஸ்கேனில் திடப் பகுதியும் முளைகளும் தெரியும்போது "ரத்தம் நார்மல்தானே" என்று தள்ளிப்போட வேண்டாம்.

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்களில் சிஏ-125ஐச் சேர்த்து விற்பதை நான் ஏற்கவில்லை. பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. அறிகுறி இல்லாதவர்களுக்கு ஆண்டுதோறும் பார்த்ததால் சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் பலருக்கு வந்திருந்தால் அது தனி விஷயம். மரபணு ஆலோசனைக்குப் போவது நல்லது.

எண்ணை ஸ்கேனோடும் வயதோடும் சேர்த்துப் பாருங்கள்

டாக்டர்கள் 1990 முதல் பயன்படுத்திவரும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது, ஆர்எம்ஐ என்று பெயர். மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்.

ஸ்கேன் மதிப்பெண்: பல அறைகள், திடப் பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்துக்குப் பரவிய அடையாளம் ஆகிய ஐந்தில் எதுவும் இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3.
மாதவிடாய் மதிப்பெண்: இன்னும் வருகிறவருக்கு 1, நின்றவருக்கு 3. ஓராண்டு வராமல் இருந்தால் நின்றதாகக் கணக்கு. கர்ப்பப்பையை எடுத்தவர் என்றால் 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்.
மூன்றாவது, சிஏ-125 எண்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வயது 33. இரண்டு பக்கமும் சாக்லேட் சிஸ்ட், மாதவிடாயில் கடும் வலி, சிஏ-125 140. கணக்கு: 1 × 1 × 140 = 140. இன்னொருவருக்கு 58. கட்டிக்குள் பல அறைகள், திடப் பகுதியும் உண்டு, சிஏ-125 வெறும் 52. கணக்கு: 3 × 3 × 52 = 468.

140 என்று பார்த்து அழுதுகொண்டிருப்பவரைவிட, "52 தானே, லேசாகத்தான் கூடியிருக்கிறது" என்று சமாதானமாகிக்கொண்டவர்தான் விரைந்து போக வேண்டியவர். பொதுவாக 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் ஆபரேஷனில் பயிற்சி பெற்றவரிடம் அனுப்ப வேண்டும் என்பார்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 250-ஐ எல்லையாக வைக்கிறது. இந்தக் கணக்கும் பழுதில்லாதது அல்ல, 200-க்கு மேல் போய் சாதாரணக் கட்டியாக முடிந்தவர்களும் உண்டு. நீங்கள் போட்டுப் பார்ப்பது டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

எச்இ-4 என்ற இன்னொரு மார்க்கரும் இருக்கிறது. சாக்லேட் சிஸ்ட்டில் இது சிஏ-125 அளவுக்குக் கூடாது, அதனால் இளம் பெண்களுக்குக் குழப்பம் தீர்க்க உதவும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு இது தப்பாகக் கூடிக் காட்டும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிஏ-125, எச்இ-4 இரண்டையும் மாதவிடாய் நிலையையும் இணைத்துச் சொல்லும் மதிப்பெண்தான் ரிப்போர்ட்டில் ரோமா என்று வருவது.

ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் கேட்க வேண்டியவை

சந்தேகம் குறைவு என்றால் மகப்பேறு மருத்துவரே லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) கட்டியை மட்டும் எடுத்து, சினைப்பையைக் காப்பாற்றலாம். சந்தேகம் கூடுதல் என்றால் கைனக் ஆன்காலஜிஸ்ட், அதாவது பெண்களுக்கான புற்றுநோய் ஆபரேஷனில் பயிற்சி பெற்றவர் வேண்டும். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம், இலங்கையில் மகரகம அபேக்ஷா மருத்துவமனை போல இதற்கென்றே இருக்கும் இடங்களிலும், பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றிலும் இத்தகைய மருத்துவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அந்த ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குத் திட்டம் செல்லுமா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், புற்றுநோய்க் கட்டி ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் உடைந்தால் நோயின் நிலையே ஒரு படி மேலே போய்விடும். உடையாமல் சினைப்பையோடு நின்றிருந்தால் தேவைப்பட்டிருக்காத கீமோ தேவைப்படலாம். அதனால் இவற்றைக் கேளுங்கள்:

"கட்டியை உடையாமல் எடுக்கத் திட்டமா? லேப்ராஸ்கோப்பி என்றால் பைக்குள் போட்டு எடுப்பீர்களா?"
"ஃப்ரோசன் செக்‌ஷன் வசதி இங்கே உண்டா?" ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறைய வைத்துப் பார்த்துச் சொல்லும் பரிசோதனை இது.
"அதில் புற்றுநோய் என்று வந்தால் அப்போதே என்னென்ன எடுப்பீர்கள்? என்னிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குவீர்களா?"
"எனக்கு இன்னும் குழந்தை வேண்டும். மறுபக்கச் சினைப்பையையும் கர்ப்பப்பையையும் விட முடியுமா?"

கடைசிக் கேள்வியை மாமியாரோ கணவரோ கேட்பதற்குக் காத்திருக்க வேண்டாம். படுக்கப் போவது நீங்கள்தான், நீங்களே கேளுங்கள். கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சந்தேகத்துக்குரிய கட்டியில் ஊசி குத்தி நீரை எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். நோய் செல்கள் வயிற்றுக்குள் கசிய வாய்ப்பு உண்டு. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு

ஃப்ரோசன் செக்‌ஷன் அவசரத்துக்கான பதில். முழு பயாப்ஸி ரிப்போர்ட் வர பொதுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சில நேரம் இரண்டும் மாறுபடும். முழு ரிப்போர்ட் சொல்வதுதான் இறுதி. 'பார்டர்லைன்' என்று ஒரு வகை வரலாம். சாதாரணக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்டது. பெரும்பாலும் ஆபரேஷனோடு முடிந்துவிடும், ஆனால் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

சாதாரணக் கட்டி என்று வந்துவிட்டால் மாதாமாதம் சிஏ-125 எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். புற்றுநோய் என்று வந்தால்தான் மார்க்கரின் உண்மையான பயன் தொடங்குகிறது. அப்போது ஒற்றை எண்ணைவிட அது இறங்குகிறதா ஏறுகிறதா என்பதையே பார்ப்பார்கள். தேதி, எண், லேப் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வாருங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட் ஆகியவற்றின் நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி உடைந்ததா இல்லையா என்று ஆபரேஷன் குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அங்கே ரிப்போர்ட்டோடு பயாப்ஸி ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகளையும் கேட்பார்கள். அவற்றைப் பத்தாலஜி பிரிவில் எழுதிக் கொடுத்து வாங்கலாம்.